மீனம்பாக்கத்தில் ஒரு ஐரோப்பிய எல்லை

ரொம்ப நாளாச்சு இந்தப் பக்கம் எட்டிப் பார்த்து. ஆபீசில் ஆணி அதிகம். "என்னாச்சு, கடையை மூடிட்டியா?" என்று ரெண்டு மூணு நண்பர்கள் கேட்டுவிட்டார்கள். மூடவில்லை சாமி, ஒரு கேள்வியைப் பிடித்துக்கொண்டு தொங்கிக் கொண்டிருந்தேன். அதுதான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம். டீயோ காபியோ எடுத்துக்கொண்டு உட்காருங்கள்.

2024 நவம்பரில் கம்பெனி வேலையாக மூன்று வாரம் ஆம்ஸ்டர்டாம் போக வேண்டியிருந்தது. ஷெங்கன் விசா எடுத்தவர்களுக்கு அந்தப் பாடு தெரியும். பேங்க் ஸ்டேட்மென்ட், சம்பள ரசீது, வருமான வரிக் கணக்கு, நம்ம கம்பெனி கடிதம், அந்த ஊர்க் கம்பெனியின் அழைப்புக் கடிதம், ஹோட்டல் புக்கிங், ரிட்டர்ன் டிக்கெட், குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு, பத்து விரல் ரேகை. கட்டணம் 90 யூரோ, அது தனி. ஃபைலைப் பார்த்துவிட்டு அம்மா கேட்டார்: "ஏன்டா, உனக்குப் பொண்ணு கொடுக்கறவங்க கூட இவ்வளவு கேக்க மாட்டாங்களே?" :-)

ஒருவழியாக விசா வந்தது. நள்ளிரவு தாண்டி மீனம்பாக்கத்தில் செக்-இன் வரிசையில் நிற்கிறேன். கவுண்டரில் இருந்த பெண் பாஸ்போர்ட்டை வாங்கினார். விசா ஸ்டிக்கரை விளக்கு வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். தேதிகளைப் பார்த்தார். கம்ப்யூட்டரில் எதையோ தட்டினார். "ரிட்டர்ன் டிக்கெட்?" காட்டினேன். "ஹோட்டல் புக்கிங்?" காட்டினேன். "இன்விடேஷன் லெட்டர்?" அதையும் காட்டினேன். திருப்தியில்லாமல் சூப்பர்வைசரைக் கூப்பிட்டார். அவரும் முதலிலிருந்து ஆரம்பித்தார். எனக்குப் பின்னால் நின்ற குடும்பம் என்னை ஏதோ கடத்தல்காரனைப் போலப் பார்க்க ஆரம்பித்துவிட்டது. கால் மணி நேரம் ஆனது போர்டிங் பாஸ் கைக்கு வர.

மறுநாள் ஆம்ஸ்டர்டாமில் இமிகிரேஷன் அதிகாரி கேட்டது ஒரே ஒரு கேள்வி: "எத்தனை நாள்?" சொன்னேன். டொக் என்று முத்திரை. ஒரு நிமிஷம் கூட ஆகவில்லை.

அங்கேதான் பொறி தட்டியது. எல்லையைக் காப்பது யார் வேலை? அந்த நாட்டு அதிகாரி சாதாரணமாக இருக்கிறார். டிக்கெட் விற்கிற கம்பெனியின் ஊழியர், அதுவும் நம்ம ஊரில் உட்கார்ந்திருப்பவர், ஏன் இவ்வளவு பயப்படுகிறார்?

பதில் கிடைத்தது அடுத்த வாரம், பாரிஸில், ஒரு கொத்து ரொட்டித் தட்டுக்கு முன்னால்.

வார இறுதியில் ஆம்ஸ்டர்டாமிலிருந்து பாரிஸுக்கு ரயிலில் போனேன். நெதர்லாந்து, பெல்ஜியம், பிரான்ஸ் என்று மூன்று நாடு. ஒருத்தரும் பாஸ்போர்ட்டைக் கேட்கவில்லை. கார் து நோர் ஸ்டேஷனில் இறங்கிக் கொஞ்ச தூரம் நடந்தால் லா ஷப்பல். தமிழ்ப் பலகைகள், புடவைக் கடை, நகைக் கடை, மிளகாய்த்தூள் வாசனை. ஒரு சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்தேன். கடைக்கார அண்ணாவுக்கு அறுபது வயதைத் தாண்டியிருக்கும்.

"தம்பி இந்தியாவோ? விசா எடுக்கிறது கரைச்சலோ?"

என் ஃபைல் புராணத்தைச் சொன்னேன். சிரித்தார்.

"நாங்கள் என்ன விசா எடுத்தே வந்தனாங்கள்? பெர்லின் மட்டும் பிளேன். அங்கால ரயில். 85ம் ஆண்டு தொடக்கத்தில வந்தனான். அந்தக் கதவு கொஞ்சக் காலம்தான் திறந்து கிடந்தது. எனக்குப் பிறகு வெளிக்கிட்ட என்ர கூட்டாளி மாட்டுப்பட்டுப் போனான்."

பெர்லின் கதவா? அப்போது பெர்லினில் சுவரல்லவா இருந்தது? ஊருக்குத் திரும்பியதும் தேட ஆரம்பித்தேன். தேடத் தேட, என்னுடைய மீனம்பாக்கக் கால் மணி நேரத்துக்கும் அந்த அண்ணாவின் பெர்லின் ரயிலுக்கும் நேரடித் தொடர்பு இருப்பது தெரிந்தது.

முன்கதைச் சுருக்கம்

1914க்கு முன் மேற்கு ஐரோப்பாவின் பெரும்பகுதியில் பாஸ்போர்ட் இல்லாமலே நாடு விட்டு நாடு போகலாம். ரஷ்யாவும் துருக்கிய சாம்ராஜ்யமும்தான் கறாராகக் கேட்டவை. முதல் உலகப்போர் வந்தது. ஒற்றன் பயம், ராணுவத்திலிருந்து ஓடுகிறவன் பயம். எல்லோரும் எல்லையில் காகிதம் கேட்க ஆரம்பித்தார்கள். போர் முடிந்தது, காகிதம் போகவில்லை. 1920ல் பாரிஸில் கூடிய மாநாடு இன்று நம் கையில் இருக்கிற மாதிரிப் புத்தக வடிவ பாஸ்போர்ட்டுக்கு அளவு வகுத்தது. நம்ம ஊர் இந்தியன் பாஸ்போர்ட் சட்டமும் அதே 1920தான். தற்காலிகம் என்று வந்த ஏற்பாடு நூறு வயது தாண்டி நிற்கிறது. புரொடக்‌ஷனில் போட்ட 'டெம்பரரி ஃபிக்ஸ்' மாதிரி. சக பொட்டி தட்டிகளுக்கு வலி புரியும்.

ஆனாலும் பழைய காமன்வெல்த் உறவில் ஒரு சலுகை இருந்தது. 1980களின் ஆரம்பம் வரை இந்தியரோ இலங்கையரோ பிரிட்டனைச் சுற்றிப் பார்க்கப் போக முன்கூட்டி விசா வாங்க வேண்டியதில்லை. விமானம் ஏறி லண்டனில் இறங்கி, அங்கிருக்கும் அதிகாரியிடம் அனுமதி கேட்கலாம். அவர் மறுக்கலாம். ஆனால் கேட்கிற இடம் லண்டன் மண். இந்த வித்தியாசத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். கதையே அதில்தான்.

1983 ஜூலைக்குப் பிறகு

கறுப்பு ஜூலையைப் பற்றி இங்கே யாருக்கும் நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கொழும்பில் வீடுகளும் கடைகளும் எரிந்தன. கையில் கிடைத்ததோடு தமிழர்கள் கிளம்பினார்கள். படகேறி ராமேஸ்வரம் வந்தவர்கள் ஒரு பக்கம். காணியை, நகையை விற்று விமான டிக்கெட் எடுத்தவர்கள் இன்னொரு பக்கம்.

லண்டனுக்கு வந்து புகலிடம் கேட்பவர்கள் கூடினார்கள். 1985 மே மாதக் கடைசியில் பிரிட்டன் ஒரு முடிவெடுத்தது: இனி இலங்கையர்கள் விசா இல்லாமல் வரக் கூடாது. காமன்வெல்த் நாடு ஒன்றின் குடிமக்கள் மீது பிரிட்டன் விசா விதித்தது அதுவே முதல் முறை. காரணம், சுற்றிவளைக்காமல் சொன்னால், தமிழ் அகதிகள்.

இதில் உள்ள சூட்சுமத்தைப் பாருங்கள். 1951 ஜெனீவா அகதிகள் ஒப்பந்தத்தில் பிரிட்டன் கையெழுத்திட்டிருக்கிறது. உயிருக்கு ஆபத்து உள்ள இடத்துக்கு அகதியைத் திருப்பி அனுப்பக் கூடாது என்கிறது அந்த ஒப்பந்தம். ஆனால் அந்தப் பாதுகாப்பைக் கேட்க முதலில் ஆள் வந்து சேர வேண்டும். 'அகதி விசா' என்று கவுண்டரில் போய் வாங்க ஒன்றும் இல்லை. சுற்றுலா விசா கேட்டால் "திரும்பிப் போவாயா?" என்பார்கள். உயிர் தப்ப ஓடுகிறவன் அதற்கு உண்மையான பதில் சொன்னால் விசா கிடைக்காது.

அடுத்த வருஷம் நம்ம முறை. 1986ல் இந்தியா, பாகிஸ்தான், பங்களாதேஷ், கானா, நைஜீரியா என்று பட்டியல் நீண்டது. அதே 1986 செப்டம்பரில் பாரிஸில் தொடர் குண்டுவெடிப்பு. பிரான்ஸ், அண்டை ஐரோப்பிய நாடுகள் சில தவிர கிட்டத்தட்ட எல்லோருக்கும் விசா கட்டாயமாக்கியது. ஒன்றரை வருஷத்துக்குள் வரிசையாகக் கதவுகள் சாத்தப்பட்டன.

பெர்லின் ஓட்டை

இப்போது அண்ணாவின் கதவுக்கு வருவோம். மேற்கு ஜெர்மனி 1980லேயே இலங்கை, இந்தியா உட்படப் பல நாடுகளுக்கு விசா கொண்டு வந்துவிட்டது. ஆனால் பெர்லின் என்றொரு விசித்திரம் இருந்தது.

கிழக்கு பெர்லின் ஷோனஃபெல்ட் விமான நிலையத்தில் இறங்கினால் கிழக்கு ஜெர்மனி டிரான்சிட் விசா கொடுத்துவிடும். இன்டர்ஃப்ளுக், ஏரோஃப்ளோட் விமானங்களுக்கு டிக்கெட் விற்றால் அந்நியச் செலாவணி, அவர்களுக்கு அது போதும். அங்கிருந்து நகர ரயிலில் மேற்கு பெர்லினுக்குள் நுழைந்துவிடலாம்.

மேற்குப் பக்கம் பாஸ்போர்ட் பார்க்க மாட்டார்களா? மாட்டார்கள்! மேற்கு நாடுகளின் நிலைப்பாடு பெர்லின் ஒரே நகரம் என்பது. நடுவில் ஓடும் கோட்டில் பாஸ்போர்ட் பார்த்தால் அதை நாட்டெல்லை என்று தாங்களே ஒத்துக்கொண்ட மாதிரி ஆகிவிடும். அதனால் அங்கே பாஸ்போர்ட் சோதனையே வைக்கவில்லை. தன் சொந்த மக்களைத் தாண்டவிடாத சுவரின் வழியாக யாழ்ப்பாணத்துப் பையன்கள் ரயிலில் உட்கார்ந்து போனார்கள். நினைத்துப் பார்த்தால் சிரிப்பதா என்ன செய்வதா என்று தெரியவில்லை.

பான் நகர அரசு இதைத் தடுக்கக் கிழக்கு ஜெர்மனியோடு பேரம் பேசியது. 1985 கோடையில் கிழக்கு ஜெர்மனி தமிழர்களுக்கு அந்த வழியை அடைத்தது. அதே நாட்களில்தான் இரு ஜெர்மனிகளுக்கு இடையிலான வட்டியில்லாக் கடன் வரம்பு 600 மில்லியனிலிருந்து 850 மில்லியனாக உயர்ந்தது. இரண்டும் ஒரே பேச்சுவார்த்தையின் இரண்டு முனைகள் என்றே அந்தக் காலத்தை எழுதியவர்கள் சொல்கிறார்கள். 1986 அக்டோபர் 1 முதல், போய்ச் சேரும் நாட்டு விசா கையில் இல்லாத எந்த நாட்டவருக்கும் டிரான்சிட் கிடையாது என்றானது. "கொஞ்சக் காலம்தான் திறந்து கிடந்தது" என்று அண்ணா சொன்னது இதைத்தான்.

ஜெர்மனிக்கு வந்து சேர்ந்தவர்களுக்கும் நிலையான வாழ்வு உறுதியில்லை. 1986 ஆகஸ்டில் கனடாவின் நியூஃபவுண்ட்லாந்து கரைக்கு அப்பால் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட தமிழர்கள் மிதந்துகொண்டிருந்ததை மீனவர்கள் கண்டு காப்பாற்றினார்கள். அவர்கள் கப்பலேறியது மேற்கு ஜெர்மனியிலிருந்து.

ஹீத்ரூ, 1987

இனிமேல்தான் என் கேள்விக்கு விடை.

1987 பிப்ரவரியில் தமிழர்கள் கூட்டமாக ஹீத்ரூவில் வந்து இறங்கினார்கள். முறையான ஆவணங்கள் இல்லை. புகலிடம் கேட்டார்கள். வழக்கைச் சரியாகக் கேட்காமலே விமானத்தில் திருப்பி ஏற்ற முயன்றபோது அவர்களில் சிலர் விமான ஓடுபாதையிலேயே சட்டை பேன்ட்டைக் கழற்றிவிட்டு உள்ளாடையோடு நின்று எதிர்ப்புக் காட்டினார்கள். பிப்ரவரி மாத லண்டன் குளிரில். படங்கள் பத்திரிகைகளில் வந்தன. நீதிமன்றம் தலையிட, அன்று அவர்களை அனுப்ப முடியவில்லை.

அரசு யோசித்தது. விசா விதி இருந்தும் எப்படி வந்தார்கள்? விமானக் கம்பெனி ஏற்றியதால் வந்தார்கள். அப்படியானால் கம்பெனியைப் பிடி! அடுத்த மாதமே, உள்துறை அமைச்சர் டக்ளஸ் ஹர்ட் காலத்தில், மசோதா வந்தது. 1987ம் ஆண்டு 'கேரியர்ஸ் லயபிலிட்டி' சட்டம், அதாவது பயணிகளை ஏற்றி வருபவரின் பொறுப்புச் சட்டம். சரியான ஆவணம் இல்லாத ஒவ்வொரு பயணிக்கும் விமானக் கம்பெனி 1,000 பவுண்டு அபராதம் கட்ட வேண்டும். 1991ல் அது 2,000 பவுண்டானது.

இந்த யோசனையை பிரிட்டன் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை. அமெரிக்கா பல பத்தாண்டுகள் முன்பே கப்பல் கம்பெனிகளிடம் இப்படிச் செய்திருக்கிறது. ஆனால் 80களின் ஐரோப்பாவில் இது வேகமாகப் பரவியது. மேற்கு ஜெர்மனியும் அதே 1987ல் சட்டம் போட்டது.

அந்தச் சமயத்து இன்னொரு வழக்கையும் சொல்லியாக வேண்டும். ஆறு தமிழர்களின் புகலிட வழக்கு பிரிட்டனின் உச்ச அமர்வான பிரபுக்கள் சபை வரை போனது. பயம் மனதில் இருந்தால் போதாது, அதற்குப் புறத்திலும் ஆதாரம் இருக்க வேண்டும் என்று 1987 டிசம்பரில் தீர்ப்பு. சிவகுமாரன் வழக்கு என்று இன்றும் அகதிச் சட்டப் பாடங்களில் வரும் பெயர் அதுதான். 1988ல் திருப்பி அனுப்பப்பட்டவர்களில் சிலர் அங்கே மறுபடி துன்புறுத்தப்பட்டதாகச் சொன்னார்கள். மேல்முறையீட்டில் அவர்கள் பக்கம் தீர்ப்பு வந்து, 1989ல் பிரிட்டனுக்குள் திரும்ப அனுமதிக்கப்பட்டார்கள். ஆனால் 1991ல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம், அவர்களை அனுப்பியதில் விதிமீறல் இல்லை என்றது. பயத்துக்கு எப்படி ரசீது காட்டுவது என்று எனக்குப் புரியவில்லை.

ஒரு கப்பலில் போட்ட கையெழுத்து

பிரிட்டன் இலங்கையர்களுக்கு விசா விதித்து இரண்டு வாரம் போலத்தான் ஆகியிருந்தது. 1985 ஜூன் 14. லக்சம்பர்க்கில், மோசல் ஆற்றங்கரையில், ஷெங்கன் என்றொரு திராட்சைத் தோட்டக் கிராமம். பிரான்ஸ், ஜெர்மனி, லக்சம்பர்க் மூன்றும் சந்திக்கும் இடம். அங்கே 'பிரின்செஸ் மரி-அஸ்ட்ரிட்' என்ற கப்பலில் ஐந்து நாடுகள் கையெழுத்துப் போட்டன: பிரான்ஸ், மேற்கு ஜெர்மனி, பெல்ஜியம், நெதர்லாந்து, லக்சம்பர்க். தங்களுக்குள் எல்லைச் சோதனையை எடுத்துவிடுவது என்று.

உள்ளே சுவரை இடித்தால் வெளிச் சுவரை உயர்த்த வேண்டும் அல்லவா? அதை எப்படிச் செய்வது என்று 1990ல் இன்னொரு ஒப்பந்தம். அதன் 26வது பிரிவு, உறுப்பு நாடுகள் எல்லாம் விமானக் கம்பெனிகளுக்குத் தண்டனை வைக்க வேண்டும் என்கிறது. அந்த ஒப்பந்தம் 1995 மார்ச் 26ல் ஏழு நாடுகளில் நடைமுறைக்கு வந்தது. 2001ல் வந்த ஐரோப்பிய ஒன்றிய ஆணை அபராதத்தை இறுக்கியது: ஒரு பயணிக்கு குறைந்தபட்சம் 3,000 யூரோவுக்குக் குறையாமல், அல்லது உச்சவரம்பு 5,000 யூரோவுக்குக் குறையாமல். 2025 ஜனவரியில் ருமேனியாவும் பல்கேரியாவும் முழுதாகச் சேர, ஷெங்கன் இப்போது 29 நாடு.

1996ல் இன்னொன்றும் செய்தார்கள். விமானம் மாறுவதற்காக மட்டும் நிலையத்துக்குள் உட்கார்ந்திருக்கவும் விசா கேட்கும் பொதுப் பட்டியல். பத்து நாடுகள். அதில் இலங்கை ஒன்று. இன்றைக்கும் பட்டியலில் இருக்கிறது.

ஆக, மீனம்பாக்கத்துக் கவுண்டர் பெண் ஏன் பயந்தார்? நான் ஷெங்கனில் மாட்டினால் அபராதம் அவர் கம்பெனிக்கு. என்னைத் திருப்பிக் கொண்டுவரும் பொறுப்பும் கம்பெனிக்கு. அவர் கம்ப்யூட்டரில் தட்டிய மாதிரி இடங்களில் இருப்பது பெரும்பாலும் 'டிமாட்டிக்' என்ற தரவுத்தளம்: இந்த நாட்டுப் பாஸ்போர்ட், இந்த நாட்டுக்குப் போகிறது, என்ன வேண்டும்? அதற்கு ஆமாம், இல்லை என்ற பதில்தான் தெரியும்.

நம்ம பாஷையில் சொன்னால் இது கிளையன்ட் பக்க வேலிடேஷன். கோரிக்கை சர்வருக்குப் போகவே போகாது. போகாததால் சர்வர் லாகில் 'மறுக்கப்பட்டது' என்று ஒரு வரி கூடப் பதிவாகாது. ஐரோப்பிய எல்லையில் எத்தனை பேரைத் திருப்பி அனுப்பினார்கள் என்று கணக்கு இருக்கும். கட்டுநாயக்காவிலோ மீனம்பாக்கத்திலோ கவுண்டரிலேயே நின்றுபோனவர்களின் கணக்கு யாரிடம் இருக்கிறது? அவர்களில் எத்தனை பேர் என்னைப் போல வேலைக்குப் போகிறவர்கள், எத்தனை பேர் உயிருக்கு ஓடியவர்கள்?

நியாயமாக மறுபக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். யார் வந்தாலும் ஏற்றுக்கொள் என்று எந்த நாட்டிடமும் சொல்ல முடியாது. புகலிடம் கேட்ட எல்லோருமே அகதிகள் என்றும் யாரும் சொல்லவில்லை. போலி ஏஜென்ட்டுகளின் கொள்ளையும் நடந்தது. தன் எல்லையில் யார் வருகிறார் என்று பார்க்க அரசுக்கு உரிமை உண்டு. என் சிக்கல் அதுவல்ல. யார் அகதி, யார் இல்லை என்று விசாரிக்கப் படித்த அதிகாரி, வக்கீல், நீதிபதி, மேல்முறையீடு என்று அங்கே ஒரு பெரிய ஏற்பாடே இருக்கிறது. அந்த ஏற்பாட்டை நெருங்கும் முன்பே, அபராதத்துக்குப் பயந்த ஒரு டிக்கெட் கவுண்டர் ஊழியர் ஐந்து நிமிஷத்தில் தீர்ப்புச் சொல்லிவிடுகிறார். அகதிகளுக்கான கடமைகள் பாதிக்கப்படாமல் என்று 2001 ஆணையில் ஒரு வரி இருக்கத்தான் இருக்கிறது. நடு ராத்திரி வரிசையில் அந்த வரியை யார் படிப்பார்கள்?

அன்று அந்த அம்மணி மேல் எனக்கு வந்த கோபம் இப்போது இல்லை. அவருக்கே தெரியாமல் அவர் தோளில் ஒரு எல்லையைத் தூக்கி வைத்திருக்கிறார்கள். அதை முதலில் தூக்கி வைத்தது நம்ம பாஷை பேசுகிறவர்களைத் தடுக்க.

லா ஷப்பலில் கிளம்பும்போது அண்ணாவிடம் கேட்டேன். "அப்புறம் ஊருக்குப் போனீங்களா?"

"கன காலம் போகேல்ல. அம்மாவை 97ல மெட்ராஸிலதான் பார்த்தனான். பன்னிரண்டு வருஷத்துக்குப் பிறகு. அவ ஊரில இருந்து வர, நான் இங்க இருந்து வர. அதுக்கும் உங்கட நாட்டு விசா எடுக்கோணும், தெரியுமோ?" சிரித்தார். பிறகு சிரிக்காமல் சொன்னார்: "மீனம்பாக்கத்தில அம்மா நிண்டவ. முதல் எனக்கு மட்டுப்பிடிக்கேலாமப் போச்சு. அவ்வளவு மெலிஞ்சு போனா."

கொத்து ரொட்டிக்குக் காசு வாங்க மறுத்துவிட்டார்.

அடுத்த முறை ஏர்போர்ட் போனால் வருகை வாசலில் ஐந்து நிமிஷம் சும்மா நின்றுவிட்டு வரணும் என்று இருக்கிறேன். கம்பி வேலிக்கு இந்தப் பக்கம் பெயர் எழுதிய அட்டையைப் பிடித்துக்கொண்டு டிரைவர்கள் நிற்பார்களே, அங்கேதான் அந்த அம்மா நின்றிருப்பார்.

பி.கு: பெர்லின் வழியாக வந்தவர்கள், வந்தவர்களின் பிள்ளைகள் இதைப் படிக்க நேர்ந்தால் உங்கள் வீட்டுக் கதையைப் பின்னூட்டத்தில் எழுதுங்கள். தப்பு இருந்தால் திருத்துங்கள், குட்டினாலும் வாங்கிக்கொள்கிறேன். அடுத்த பதிவு சீக்கிரமே. (ஆணி குறைந்தால்!)